புதுச்சேரி: கோட்டையும் அலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வைத்திக்குப்பத்திலிருந்து பழைய கலங்கரை விளக்கம் வரை, பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையும் அழைத்துக்கொண்டு நடந்தபடியே ஊர்க்கதை சொல்வது என் வழக்கம். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். கோட்டையைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு பக்கம், அலைச்சறுக்கைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் விடை கரையோரத்தில் உடையும் அந்த அலையில்தான் இருக்கிறது என்று நான் நம்புவதால், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

"துறைமுகமே இல்லாத ஊருக்கு பிரெஞ்சுக்காரங்க எதுக்கு சார் வந்தாங்க?"

துணிக்காக வந்தார்கள். சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிக்கு அன்று கீழை நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பெரும் தேவை இருந்தது. பிஜாப்பூர் ஆட்சியின் கீழ் இந்தப் பகுதியை நிர்வகித்த ஷேர்கான் லோடி 1673இல் இடம் கொடுத்தார். மறு ஆண்டு பொறுப்பேற்ற பிரான்சுவா மர்த்தேன் அதை ஓர் ஊராக வளர்த்தெடுத்தார். ஆனால் கடல் வணிகம் அவர்களோடு தொடங்கியதன்று. ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அந்த வணிகத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயது.

துறைமுகம் இல்லாதது புதுச்சேரியின் குறை மட்டுமன்று. அன்றைய சென்னைக்கும் அதே நிலைதான். ஆற்று முகத்துவாரங்களில் சிறு படகுகள் நுழையலாம், கப்பல் நுழைய முடியாது. எனவே கப்பல்கள் கரைக்கு வராமல் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் போர்க்கதைகள் எளிதில் விளங்கும்.

"அப்போ சரக்கையும் பட்டாளத்தையும் எப்படித்தான் எறக்குனாங்க?"

சலங்கு என்ற படகில். ஆங்கிலேயர் இதை மசூலாப் படகு என்றார்கள். இதில் ஆணியே கிடையாது. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளையிட்டு, இணைப்பில் வைக்கோல் போன்ற நாரை வைத்து அடைத்து, தென்னங்கயிற்றால் துணி தைப்பதைப் போல இழுத்துத் தைத்துவிடுவார்கள். அலை அறையும்போதும் அடிப்பகுதி மணலில் மோதும்போதும் படகு சற்று வளைந்து கொடுக்கும். ஐரோப்பியர்களின் ஆணியடித்த படகுகள் அதே அலையில் பிளந்துபோயின.

படகைவிடப் பெரியது ஓட்டியவர்களின் கணக்கு. பெரிய அலைகள் சில அடுத்தடுத்து வந்து போனபின் கடல் சிறிது நேரம் மூச்சு வாங்கும். அந்த இடைவெளியை அறிந்து துடுப்பு போட வேண்டும். ஆளுநராக இருந்தாலும் படைத்தலைவராக இருந்தாலும் கரையேறும் வரை உயிர் அந்தக் குப்பத்து மனிதர்களின் கையில்தான் இருந்தது. போர் வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பிற்காலத்தில் சரக்கு இறக்குவதற்காகக் கடலுக்குள் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தை 1952ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று. அதற்குப் பதிலாக 1962 வாக்கில் வந்த புதிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலுக்குள் சரிந்தது.

"கோட்டை எங்க? பீச் ரோடு பூரா நடந்தாச்சு, ஒரு செவுரு கூடக் காணோமே?"

இன்று பாரதி பூங்கா இருக்கும் இடத்தில்தான் ஐங்கோண வடிவில் லூயி கோட்டை நின்றது. கடலைப் பார்த்த பீரங்கிகள், சுற்றிலும் அகழி, ஊரையே வளைத்து ஒரு மதில் என்று அமைந்திருந்தது. 1761இல் ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். மதில் ஓடிய தடம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. நகரின் பழைய பகுதியை முட்டை வடிவில் சுற்றிவரும் புல்வார் சாலைகளை வரைபடத்தில் பார்த்தால் பழைய ஊரின் எல்லை கண்ணுக்குத் தெரியும்.

"நேர் நேரான தெருவெல்லாம் பிரெஞ்சுக்காரங்க போட்டதுதானே?"

திட்டம் டச்சுக்காரர்களுடையது. 1693இல் அவர்கள் ஊரைப் பிடித்து ஆறு ஆண்டுகள் வைத்திருந்தார்கள். சதுரக் கட்டங்களாகத் தெரு அமைக்கும் வரைபடம் அப்போது உருவானது. 1697இன் ரிஸ்விக் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1699இல் மீண்டும் வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள்.

"கடலூர் இங்கிலீஷ்காரன், பாண்டி பிரெஞ்சுக்காரன்... இவ்ளோ பக்கத்துல ரெண்டு கோட்டை எதுக்கு?"

இரண்டுக்கும் இடையே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பகை வரும் என்று எண்ணி யாரும் பக்கத்தில் கட்டவில்லை. ஒரே நெசவாளர் ஊர்களை நம்பி இரண்டு கும்பினிகளும் கடை போட்டன. ஐரோப்பாவில் இரண்டு அரசுகளும் மோதிக்கொண்டபோது கடைகள் பாசறைகளாயின.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தின் செயிண்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் செஞ்சி மராட்டியர்களிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் எல்லாத் திசையிலும் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை தமக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். அந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. ஒரு கிராமத்தின் தலைவிதியைப் பீரங்கியின் வாய் தீர்மானித்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் நோகிறது.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூருக்கு மாறி 1752 வரை அங்கேயே இருந்தது. சென்னையிலிருந்து தப்பிவந்த எழுத்தர்களில் ஒருவரான ராபர்ட் கிளைவ் இங்கேதான் பேனாவை வைத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். 1756இல் அதே கோட்டைக்கு ஆளுநராகவும் ஆனார். 1758 ஜூனில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி அந்தக் கோட்டையைக் கைப்பற்றி இடித்தார். கெடிலம் ஆற்றின் முகத்துவாரத்தருகே இன்று எஞ்சியிருப்பது சிதைவு மட்டுமே.

"மொத்தம் எத்தனை தடவை ஊரு கை மாறுச்சு? ஒவ்வொரு புக்லயும் ஒண்ணு போட்டிருக்கு."

பிரெஞ்சுக்காரர்கள் போரில் நான்கு முறை இழந்தார்கள்: 1693இல் டச்சுக்காரர்களிடமும், 1761, 1778, 1793 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலேயரிடமும். நான்கு முறையும் ஐரோப்பிய உடன்படிக்கைகளின் மூலம் திரும்பப் பெற்றார்கள். கடைசியாகத் திரும்பியது 1816இல். அதன்பின் இங்கே பெரிய கோட்டை எழவே இல்லை. இழப்பையும் மீட்பையும் தனித்தனியே எண்ணுவதால்தான் நூலுக்கு நூல் கணக்கு மாறுகிறது.

முற்றுகையிட்டும் பிடிபடாமல் தப்பிய ஆண்டு 1748. ஆங்கிலக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் பெரும் கப்பல் படையோடு வந்து, அரியாங்குப்பத்தைத் தாண்டி ஊரை நெருங்கினார். நோயிலும் சண்டையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்களை இழந்தார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும் முற்றுகையை விட்டுவிட்டார். நங்கூரம் பாய்ச்சப் பாதுகாப்பான இடம் இல்லாத கரையில், அந்தப் பருவத்தில் கப்பல்களை நிறுத்திவைப்பது தற்கொலைக்குச் சமம்.

"அப்படி மழைக்குப் பயந்தவங்க 1761ல மட்டும் எப்படி ஜெயிச்சாங்க?"

நல்ல கேள்வி. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்ற பிறகு லாலியின் படை சுருங்கிச் சுருங்கிப் புதுச்சேரிக்குள் அடைந்தது. நிலத்தில் ஆங்கிலப் படைத்தலைவர் ஐர் கூட் சூழ்ந்து நின்றார். கடலில் இம்முறை ஆங்கிலக் கப்பல்களில் ஒரு பகுதி பருவமழைக் காலத்திலும் இங்கேயே நின்று வழியை மறித்தது.

அதற்கான விலையை 1761 ஜனவரி 1ஆம் நாள் கொடுத்தார்கள். அன்று அடித்த புயலில் சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின, சில கரையில் ஒதுங்கி உடைந்தன. இறந்த ஐரோப்பியர் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். உள்ளே பசியில் கிடந்தவர்களுக்கு ஒரு கணம் விடிவு வந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும். ஆனால் உணவு கொண்டுவர பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் வரவில்லை. சில நாட்களில் ஆங்கிலேயரின் வேறு கப்பல்கள் வந்து மறியலைத் தொடர்ந்தன. ஜனவரி நடுவில் ஊர் சரணடைந்தது. செயிண்ட் டேவிட் கோட்டையை லாலி இடித்ததற்குப் பதிலடியாகக் கோட்டை, மதில், மாளிகை எல்லாவற்றையும் இடித்தார்கள். லாலிக்கு 1766இல் பாரிஸில் மரண தண்டனை கிடைத்தது.

"சண்டை போட்டது அவங்க. நம்ம ஜனம் என்ன ஆச்சுன்னு யாருமே சொல்றதில்லையே?"

சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பல ஆண்டுகளாக அதற்குக் குறிவைத்திருந்த பாதிரிமாருக்கும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் மனைவிக்கும் போர் ஒரு வாய்ப்பாயிற்று. பின்னாளில் கோயில் வேறு இடத்தில் எழுந்தது. 1760 இறுதியில் உணவு தீர்ந்தபோது, லாலி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ் மக்களை மதிலுக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயரும் முதலில் அவர்களுக்கு வழிவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகப் பசியோடு சில நாட்கள் கிடந்த பிறகே அவர்களைப் போகவிட்டார்கள்.

இக்காலத்தை நம் கண்ணால் பார்க்க உதவுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த அவர் 1736இல் எழுதத் தொடங்கினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை போட்டார்கள், சந்தையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அன்றைய தமிழிலேயே பதிந்து வைத்தார். ஊர் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, 1761 ஜனவரி 12 அன்று அவர் மறைந்தார்.

"கடலூர்ல நடந்த சண்டைக்கும் அமெரிக்கா சுதந்திரத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொல்றாங்களே, உண்மையா?"

உண்மை. அமெரிக்கர்களுக்கு ஆதரவாக பிரான்சு போரில் இறங்கியதால்தான் 1778இல் புதுச்சேரி முற்றுகையிடப்பட்டது. 1782இல் பிரெஞ்சுக்காரர்களும் ஹைதர் அலியின் படையும் கடலூரைப் பிடித்தார்கள். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸும் கடலில் மோதினார்கள். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் ஐரோப்பாவில் அந்த ஆண்டு ஜனவரியிலேயே அமைதிக்குக் கையெழுத்தாகியிருந்தது. செய்தி கடல் கடந்து வந்து சேர ஜூன் இறுதியாயிற்று. முடிந்துபோன போருக்காக அத்தனை பேர் இங்கே செத்தார்கள்.

"எங்க தாத்தாவை எல்லாரும் சொல்தான்னு சொல்வாங்க. அது என்ன பட்டம்?"

போர்வீரர் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லே நம் வாயில் சொல்தா ஆயிற்று. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சமய, சாதி வழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாயினர். அவர்களில் பலர் இராணுவத்திலும் இந்தோசீனாவின் அலுவலகங்களிலும் வேலைக்குப் போனார்கள். உங்கள் வீட்டில் அங்கிருந்த சைகோன் நகரின் பெயர் அடிக்கடி அடிபட்டால் வியப்பில்லை. 1962இல் இந்தியாவுடன் புதுச்சேரியின் இணைப்பு சட்டப்படி முழுமையடைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் பெறும் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு.

கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. ஜூலை 14 வரும்போது அங்கே மலர்வளையம் வைக்க வரும் முதியவர்களைப் பாருங்கள். நெஞ்சில் பதக்கம், பேச்சில் புதுச்சேரித் தமிழ்.

"சர்ஃபிங் வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுதானே?"

பலகையின் மேல் எழுந்து நின்று அலையில் சறுக்கும் கலையை வளர்த்தவர்கள் ஹவாய் உள்ளிட்ட பசிபிக் தீவுகளின் மக்கள். ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் ஹவாயை முதலில் கண்டது 1778 ஜனவரியில். அதே ஆண்டு அக்டோபரில்தான் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. எனவே வெள்ளைக்காரர்களும் இதைக் கற்றுக்கொண்டவர்களே.

நம் பகுதிக்கு வந்த வழி வேறு. 1968இல் ஆரோவில் தொடங்கிய பின் பல நாட்டு மக்கள் இங்கே குடியேறினார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த ஸ்பானிய சகோதரர்கள் இருவர் தந்திராயன்குப்பம் கடற்கரையில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அதே காலத்தில் கோவளம், மாமல்லபுரம் பகுதிகளில் மீனவர் குடும்பத்துப் பிள்ளைகள் பலகையைக் கையில் எடுத்து, பயிற்சியாளர்களாகவும் போட்டியாளர்களாகவும் வளர்ந்தார்கள். இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011இல் அமைந்தது. 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது.

"நம்ம மீனவங்க காலங்காலமா அலை ஏறித்தானே வர்றாங்க, அதுவும் சர்ஃபிங்தானே?"

விளையாட்டு என்ற பொருளில் இல்லை. திறமை என்ற பொருளில் ஆம். கட்டுமரத்தில் கரை திரும்புபவர், பின்னால் எழும் அலையைத் திரும்பிப் பார்த்து, அது தூக்கும் நேரத்தில் துடுப்பை அழுத்தி, அதன் முகத்திலேயே கரைக்கு வழுக்கி வருவார். சலங்கு ஓட்டியவர்களின் கணக்கு என்று மேலே சொன்னேனே, அதுவேதான். பலகை பழகும் ஒரு பையன் முதலில் கற்பதும் அதையே: கரையில் உட்கார்ந்து, மெழுகைப் பலகையின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, கடல் மூச்சு வாங்கும் இடைவெளியை எண்ணுவது. குப்பத்துப் பிள்ளைகள் இதை விரைவில் பிடித்துக்கொள்வதில் எனக்கு வியப்பில்லை.

"எந்த மாசம் போனா அலை நல்லா இருக்கும்?"

பொதுவாகக் கோடை தொடங்கி செப்டம்பர் வரை. தென் இந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் புயல்களில் பிறக்கும் அலைகள் ஒழுங்காக வந்து சேரும் காலம் அது. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் வழுவழுப்பாக இருக்கும். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் கலைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிப்பாக இருக்கும், பாஸ்கவென் பின்வாங்கியதும் இதே பருவத்தில்தான். புதியவர்கள் அப்போது இறங்கவே வேண்டாம். எந்த மாதமானாலும், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும்.

"செரினிட்டி பீச் பாண்டியா, தமிழ்நாடா?"

தமிழ்நாடு. செரினிட்டி பீச் இருக்கும் தந்திராயன்குப்பம் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்தது, விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரியின் எல்லைகள் இப்படித் துண்டு துண்டாக இருப்பதற்கும், மேலே சொன்ன போர்களும் உடன்படிக்கைகளுமே காரணம்.

"சின்ன வயசுல ராக் பீச்ல மணல் இருந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. அந்த மணல் எங்க போச்சு?"

உங்கள் அம்மா சொல்வது சரி. தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் சிறிது மணல் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல்தடுப்புகள் கட்டப்பட்டபோது அந்த ஓட்டம் அறுந்தது. தடுப்புக்குத் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. மணலை அள்ளி வடக்கே கொண்டுபோய்ப் போடும் ஏற்பாடு தொடர்ந்து நடந்திருந்தால் நிலைமை இவ்வளவு கெட்டிருக்காது. முந்நூறு ஆண்டுகள் துறைமுகம் இல்லாமல் தவித்த ஊர், துறைமுகம் கிடைத்ததும் கடற்கரையை இழந்தது.

தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் எஃகுத் திட்டு ஒன்று 2018இல் இறக்கப்பட்டது. அது அலையின் வேகத்தைத் தணித்ததால் அங்கே மணல் மீண்டும் சேர்ந்தது. இன்று பிள்ளைகள் விளையாடும் அந்தச் சிறு கடற்கரை அப்படி வந்ததே.

"சுனாமியில கல் சுவருதான் ஊரைக் காப்பாத்துச்சாமே?"

2004 டிசம்பர் 26 அன்று நகரின் பழைய பகுதிக்கு அந்தக் கற்கள் பெரும் காப்பாக இருந்தன. சுவர் இல்லாத குப்பங்கள் அடிபட்டன. கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினம் அந்த மாவட்டத்தில் கடுமையாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. சுவரைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

"செரினிட்டில அலை நல்லா ஒடையறதுக்கே அங்க போட்ட கல்லுதான் காரணம்னு சர்ஃப் பசங்க சொல்றாங்க. அப்போ கல்லு கொட்டுறது நல்லதுதானே?"

அந்தப் பிள்ளைகள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். கடலுக்குள் நீட்டிய கல்வரிசையின் அருகே மணல் திட்டாகப் படிந்தால், அலை அதன் மேல் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக உடையும். சறுக்குவதற்கு அதுதான் வேண்டும். ஆனால் ஒரு கல்வரிசை தன் தெற்கே பிடித்து வைக்கும் மணல், வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்துக்குப் போக வேண்டிய மணல். ராக் பீச்சுக்குத் துறைமுகம் செய்ததை, தந்திராயன்குப்பம் தன் வடக்கே இருக்கும் சின்னமுதலியார்சாவடிக்கும் பொம்மையார்பாளையத்துக்கும் செய்ய நேர்கிறது. பிறகு அங்கேயும் கல் கேட்பார்கள், அது நியாயமான கோரிக்கையாகவும் இருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், தேங்கிய மணலை எடுத்து வடக்கே சேர்க்கும் வேலை ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கடல் அரிக்கும் குப்பங்களில் படகை மேலே ஏற்றி வைக்க இடம் குறைந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு வடக்கே போனால் நீங்களே பார்க்கலாம்: படகுகளின் மூக்கு வீட்டு வாசல்படியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, வலையைக் காய வைக்கக் கிடைத்த இடம் தார்ச்சாலை மட்டும்தான்.